வீட்டுக் கோழிக்குக் குடற்புழு இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

தீனி நன்றாகத் தின்றும் கோழி இளைத்தால் குடற்புழுவைச் சந்தேகிக்கலாம். இது குடலுக்குள் தங்கி, கோழி தின்றதன் சத்தை உறிஞ்சும் புழு. பந்தியில் நம் இலையிலிருந்தே இன்னொருவர் எடுத்துச் சாப்பிட்டால் நமக்கு வயிறு நிறையுமா? அதே கதைதான்.

கோழியைத் தூக்கி நெஞ்சைத் தடவிப் பாருங்கள். சதை வற்றி நடு எலும்பு கூராகக் கையில் தட்டும். கொண்டை வெளிறும், முட்டை குறையும். சில நேரம் எச்சத்திலேயே வெள்ளைப் புழு நெளியும்.

எச்சத்தோடு விழும் புழு முட்டைகள் ஈர மண்ணில் சுமார் 2 வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கோழி அதே மண்ணைக் கிளறிக் கொத்தும், அப்புறம் மறுபடியும் புழு. பினாங்கு மழையும் புழுக்கமும் இதற்குத் தோதானவை. பாலிக் புலாவ் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) வீடு என்றால், தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள சேற்றை முதலில் கவனியுங்கள். எச்சத்தை அடிக்கடி அள்ளாமல், தரையைக் காயவைக்காமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை.

பென்பெண்டசோல், லெவமிசோல் போன்ற மருந்துகள் உண்டு. அளவையும், எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, எல்லாக் கோழிக்கும் ஒன்றாகக் கொடுங்கள்.

எச்சத்தில் ரத்தம் வந்தால் புழு என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் காக்சிடியா என்ற நுண்ணுயிரின் வேலை, புழு மருந்துக்கு அது கட்டுப்படாது.