ஆள் கிடைப்பதில்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு வயது 36. பெங்களூருவில் மென்பொருள் வேலை. திருப்பூர் மாவட்டம் குண்டடம் பக்கம் தாத்தாவின் தோட்டம் நான்கரை ஏக்கர் இருக்கிறது. ஒரு கிணறு, ஒரு போர். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மோட்டார், டிராக்டர், ரசாயனம் எதுவும் இல்லாமல் தாத்தா காலத்தில் செய்ததுபோல மாடும் மனிதரும் சேர்ந்த விவசாயம் செய்ய ஆசை. இயந்திரம் வந்த பிறகுதான் ஊரில் இருந்த ஒற்றுமை போய்விட்டது என்று நினைக்கிறேன். அப்பா சிரிக்கிறார். ஆளே கிடைக்காது என்கிறார். நூறு நாள் வேலைத் திட்டம் எல்லோரையும் சோம்பேறி ஆக்கிவிட்டது என்பது அவர் கருத்து. விசாரித்தவரை எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் எங்கள் வேலை எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. ஊருக்கு வந்தால் டீசல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கார் விஷயத்தை உங்கள் மைத்துனரிடம் கேளுங்கள். எல்லாக் குடும்பத்திலும் கார் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு மைத்துனர் இருப்பார். செயற்கை நுண்ணறிவு உங்கள் வேலையை எடுத்துக்கொள்ளுமா என்பது எனக்குத் தெரியாது. உங்கள் மேனேஜருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசுவதற்கு அவருக்குச் சம்பளம் தருகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் நடுவில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்களே, தாத்தா கால விவசாயம் என்றும், ஆள் கிடைப்பதில்லை என்றும், அவற்றைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. போன வாரம்தான் தாராபுரத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இதையே பேசினார்கள். களை வெட்ட ஆளில்லை, தேங்காய் போட ஆளில்லை, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை. எல்லாருமே பூமி உள்ளவர்கள். அவர்களில் ஒருவர் பிள்ளையாவது மண்வெட்டி பிடிக்கிறானா என்றால் இல்லை. ஒருவன் கனடா, ஒருவன் கோவையில் டாக்டர். இலை போட்ட பையன்கள் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாண வீட்டில் சண்டை எதற்கு? உங்களிடம் திறக்கிறேன்.

உங்கள் தாத்தா மோட்டார் இல்லாமல் வெள்ளாமை செய்தார் என்கிறீர்கள். சரி. தண்ணீர் எப்படி மேலே வந்தது?

கவலை இறைத்துத்தான் வந்தது. நீங்கள் அதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை இறங்கும். மாடு இரண்டும் அதில் இறங்கினால் வடக்கயிற்றில் கட்டிய பறி நீரோடு மேலே வரும். பறியின் அடியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் குழாய், தும்பி என்பார்கள், அது வாய்க்காலில் நீரைக் கொட்டும். பிறகு மாடு பின்பக்கமாகவே நடந்து மேடேற வேண்டும். ஓட்டுகிறவர் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். விளையாட்டுக்கு அல்ல, தன் உடம்பின் எடையையும் மாட்டின் இழுவையோடு சேர்ப்பதற்கு. அந்தக் கயிறு உரசி உரசி அவர் தொடையின் பின்புறம் தோல் காய்த்துப் போயிருக்கும். சிறுவயதில் எங்கள் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், நான் அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். குதிகாலின் காய்ப்பு போலவே இருந்தது. விடியக் கருக்கலில் தொடங்கி வெயில் ஏறும்வரை இறைத்தாலும் அரை ஏக்கருக்கு மேல் நனையாது.

ஓட்டியவர் என் தாத்தா அல்ல. உங்கள் தாத்தாவும் எல்லா நாளும் ஓட்டியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஓட்டியவர் ஒரு மாதாரி, அதாவது தோல் வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட அருந்ததியர். எங்கள் வீட்டுப் பொடிப்பிள்ளைகள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும், அவர் எங்களைச் சின்னப் பண்ணாடி, அதாவது சின்ன முதலாளி, என்பார். அந்தப் பறியைத் தைத்ததும் அவருடைய ஆட்கள்தான். செத்த மாட்டை எடுத்துப் போய்த் தோலைப் பதப்படுத்தி, பறியும் தும்பியும் செருப்பும் செய்து கொடுத்து, கிழிந்தால் வந்து தைத்து, வருசத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, சோளம் என்று வாங்கிப் போவார்கள். அந்தத் தோல் இல்லையென்றால் கொங்கு நாட்டில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் மேலே வந்திருக்காது. அந்தத் தோலைத் தொட்ட கை மட்டும் கிணற்றைத் தொடக்கூடாது. நீங்கள் சொல்லும் ஒற்றுமை இதுதான் தம்பி. அவர் ஏன் விட்டுப் போகவில்லை? போக முடியாது. மகன் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் இருந்தது. அது கழிவதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடும்.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரத்தில் கோவை ஆலைகள் ஓடின என்று எல்லாரும் சொல்வார்கள். கிணறுகளும் ஓடின என்பதைச் சொல்வதில்லை. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்துகாட்டினார்கள். பிறகு பட்டறைகள் பெருகின, பம்புசெட்டுக்கு இந்தியா முழுக்க கோவைதான் என்று ஆனது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஒவ்வொரு கிணறாகக் கவலை நின்றது. எங்கள் தோட்டத்துக்கு மோட்டார் வந்த அன்று பாட்டி அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். கவலை ஓட்டிய அந்த மனிதர் சற்றுத் தள்ளி நின்று, குழாயில் தண்ணீர் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்தே இருந்திருக்க வேண்டும். முதுகு தப்பியது, ஆனால் வேலையும் போகிறது. உங்கள் பெங்களூர் ஆபீசில் இப்போது எல்லாரும் அனுபவிக்கிற பயம் அவர் தலைமுறைக்கு வந்துபோய்விட்டது. அவருக்கு லிங்க்டின் இல்லை.

மோட்டார் வந்த உடனே விடுதலை வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் பெருகியதும் பருத்தி, கரும்பு, மஞ்சள் என்று வெள்ளாமையும் பெருகியது, பண்ணையாளுக்கு வேலையும் கூடியது. தோல் வேலை போனவர்களுக்குக் கையில் வேறு தொழில் இல்லை. அப்புறம் மின்சாரத்துக்காக நாம் நடத்திய போராட்டம் இருக்கிறதே, அதில் எனக்குப் பெருமை உண்டு. யூனிட்டுக்கு ஓரிரு பைசா ஏற்றியதை எதிர்த்துப் போராடியபோது 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் வந்து கோவை நகரத்தையே அடைத்து நின்றன. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. எல்லா விவசாயிகளுக்கும் என்றால்? கிணறு உள்ள விவசாயிகளுக்கு. கவலை ஓட்டியவர் பேரன் வீட்டில் அப்போது ஒரு குண்டு பல்பு இருந்தால் அதிகம்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தது. ஆனால் எங்கள் பக்கம் முன்பணக் கயிற்றை உண்மையில் அறுத்தது திருப்பூர். எண்பதுகளில் பனியன் ஏற்றுமதி சூடுபிடித்ததும் விடிகாலையில் கம்பெனி வேன் ஊர் ஊராக வர ஆரம்பித்தது. அந்த வேனில் ஏறினால் யாரும் பேர் சொல்லி அதட்ட மாட்டார்கள், சனிக்கிழமை சம்பளம். திருப்பூர் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். சாயப் பட்டறைகள் நொய்யலைக் கொன்றதும், நூற்பாலை விடுதிகளில் சின்னப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் அடைத்து வைத்ததும் நமக்குத் தெரியாததா? இருந்தும் வேனில் ஏறினார்கள். ஏறியவன் பிள்ளை டிப்ளமோ படித்தான். அவன் உங்கள் தோட்டத்துக்குக் களை வெட்ட வரவில்லை என்று உங்கள் அப்பா வருத்தப்படுகிறார். என்னைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் என் வாழ்நாளில் நடந்த ஒரே உருப்படியான காரியம் இந்த ஆள் கிடைக்காமல் போனதுதான்.

இப்போது நூறு நாள் வேலைக்கு வருகிறேன். இந்த வரியை எழுதும்போது நீங்கள் ஒரு நிமிடம் கணக்குப் போட்டிருக்கலாம். 2005-ல் வந்த சட்டம். ஒரு ஆளுக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் நூறு நாள் என்றுதான் அது சொன்னது. அதுவும் நூறு நாளும் கிடைத்த குடும்பம் குறைவு, கூலி மாதக்கணக்கில் நின்ற காலமும் உண்டு. மீதி 265 நாள் அவர்களைச் சோம்பேறி ஆக்குவது யார்? உங்கள் நிறுவனத்தில் வாரம் இரண்டு நாள் விடுமுறை. அது மட்டுமே வருடத்துக்கு நூற்றுநாலு நாள். உங்களை யாராவது சோம்பேறி என்றார்களா? வேலைக்கு வருகிற பெண்களில் பலர் ஐம்பது தாண்டியவர்கள். முட்டி தேய்ந்தவர்கள், விதவைகள், மகன் கைவிட்டவர்கள். ஏரிக்கரையில் மரத்தடியில் அவர்கள் உட்கார்ந்திருப்பதைக் காரில் போகிறவர் பார்க்கிறார், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அதே பெண்கள் நாற்பது வருடம் குனிந்து களை எடுத்தபோது ஒரு போட்டோகூட யாரும் எடுக்கவில்லை. அவர்கள் உட்காரட்டும். நான் சொல்கிறேன், நன்றாகவே உட்காரட்டும். அந்தத் திட்டம் செய்த குற்றம் ஒன்றுதான்: தோட்டக்காரர் சொன்ன கூலிக்குத் தலையாட்ட வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டது.

நீங்கள் பெங்களூரில் வேலை மாறும்போது முப்பது சதவீதம் கூடுதலாகக் கேட்கிறீர்கள். தரவில்லையென்றால் போகமாட்டீர்கள். அதற்குப் பெயர் திறமைக்கு மதிப்பு. களை வெட்ட வரும் பாட்டி வயதில் ஒருத்தி ஐம்பது ரூபாய் கூடக் கேட்டால் அது மட்டும் எப்படிக் கொழுப்பாகிறது?

கோபம் வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல மனதும் தெரிகிறது. சோற்றில் விஷம் இருக்கக்கூடாது என்ற ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். ரசாயனத்தைக் குறையுங்கள், மாடு வையுங்கள், தாராளமாக. மோட்டாருக்கும் ஒரு பாவக்கணக்கு உண்டு. கையை விட்டு எட்டுகிற மாதிரி இருந்த கிணறுகள் வறண்டு, போர் ஆயிரம் அடிக்குப் போனதும் அதே பம்புசெட்டால்தான். இலவச மின்சாரம் என்று இரவெல்லாம் ஓடவிட்ட தலைமுறை நாங்கள். அதற்குப் பரிகாரம் சொட்டுநீர், மழைநீரைக் கிணற்றுக்குள் விடுவது, தென்னையைக் குறைத்து மழையை நம்பி விளையும் மேட்டாங்காட்டுப் பயிர் வைப்பது. மறுபடியும் ஒருவரை வடத்தில் உட்காரவைப்பது அல்ல.

ஆகவே வேலையை இப்போதைக்கு விடவேண்டாம். வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுவார்கள் என்றால் ஆறு மாதம் ஊரில் வந்து இருங்கள். தோட்டம் குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரரைத் துரத்தாதீர்கள், அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் மோட்டார் ரூமைப் போய்ப் பாருங்கள். ஒரு பேஸ் போன நேரத்தில் கண்டென்சர் போட்டு மோட்டார் ஓட்டுகிற பழக்கம் உங்கள் தோட்டத்திலும் இருக்கும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கோளாறு வந்தால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயைத் துண்டித்து வயரை நேராக முறுக்கி வைத்திருப்பார்கள். அதைச் சரிசெய்யுங்கள். காயில் எரிந்தால் ரிவைண்டிங்குக்கு ஆகும் செலவு ஒரு பக்கம், ஈரக்காலோடு அந்தப் பெட்டியைத் தொட்டுச் செத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு பவர் வீடர் வாங்குங்கள். களைக்கு ஆள் தேடும் புலம்பல் பாதி குறையும்.

மீதிப் பாதிக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் இன்று களை வெட்டப் பெண்ணுக்கு என்ன கூலி, பாத்தி கட்ட ஆணுக்கு என்ன கூலி, இரண்டும் ஒரே வெயிலில் ஒரே நேரம் நடக்கும்போது இடையில் இருக்கும் அந்த இருநூறு முந்நூறு ரூபாய் எதற்காக என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். அதையே வேலைக்கு வரும் பெண்களிடமும் போய்க் கேளுங்கள், அப்பா பக்கத்தில் இல்லாதபோது. இரண்டு பதிலையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.