உலக கிரிட் தரவில் விடுபட்ட மதிப்புகளை நிரப்பினால் 0° தீர்க்கரேகையில் மட்டும் ஒரு கோடு விழுவது ஏன்?

கேள்வி: 1° கடல் மேற்பரப்பு வெப்பநிலை, தீர்க்கரேகை 0.5 முதல் 359.5 வரை 360 நெடுவரிசை. பைத்தானின் சைபை (SciPy) நூலகத்தில் உள்ள கிரிட்டேட்டா (griddata) ஃபங்ஷனால் விடுபட்ட இடங்களை நிரப்பினால் கிரீன்விச் கோட்டருகே (0°) மட்டும் ஒட்டுப்போட்டது போல இருக்கிறது.

359.5-க்கும் 0.5-க்கும் இடைவெளி 1° என்பது உங்களுக்குத் தெரியும். கிரிட்டேட்டாவின் கணக்கில் அது 359°. ஒரே ஒரு வரிசையை எடுத்துப் பாருங்கள்: 359.5-இல் 26.4, 0.5-இல் மதிப்பு இல்லை, 1.5-இல் 27.0. கிழக்கு மேற்காகப் பார்த்தால் 26.7 வர வேண்டும். ஆனால் 0.5-க்கு மேற்கே உலகமே இல்லை என்று அது நினைக்கிறது. லீனியர் முறையில், அதே நெடுவரிசையில் மேலும் கீழும் மதிப்பு இருந்தால் அவற்றை வைத்து ஒப்பேற்றும். தெரிந்த புள்ளிகளை இணைத்து அது பின்னும் முக்கோண வலைக்கு வெளியே புள்ளி விழுந்தால் நேன் (NaN, மதிப்பு இல்லை என்ற குறி) அப்படியே நிற்கும். மிக அருகிலுள்ள புள்ளியின் மதிப்பை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் முறைக்கு மாறினால் நேன் போய்விடும், மேற்குப் பக்கத்தைப் பார்க்காத பிழை போகாது. கண்ணுக்குத் தெரியாத பிழை என்பதால் இது இன்னும் மோசம்.

தரவை −180 முதல் 180 வரை என்று சுழற்றி வைத்தால் சரியாகுமா என்றால், ஆகாது. தரவின் இரு ஓரங்களும் சந்திக்கும் அந்த வெட்டு பசிபிக் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

எளிய வழி, இரு ஓரங்களையும் நீட்டிவிட்டு நிரப்புவது. முதலில் விடுபட்ட இடத்தைக் குறிக்கப் போட்டிருக்கும் −9999, 1e20 போன்ற நிரப்பு எண்களை நேன் ஆக்குங்கள். 0, 360 இரண்டும் இருக்கும் கோப்பென்றால் (361 நெடுவரிசை இருந்தால் சந்தேகப்படுங்கள்) கடைசியை வெட்டிவிடுங்கள். பிறகு நம்பை (NumPy) நூலகத்தின் பேட் (pad) ஃபங்ஷனை ராப் (wrap, எதிர் ஓரத்து மதிப்புகளைக் கொண்டுவந்து ஒட்டும்) முறையில், தீர்க்கரேகை அச்சில் மட்டும் ஓட்டுங்கள். எத்தனை நெடுவரிசை? வெட்டைத் தாண்டும் மிகப்பெரிய ஓட்டையைவிட அதிகமாக. ஓட்டை 12 என்றால் 20 தாராளம். நிரப்பி முடித்ததும் இருபுறமும் அந்த 20-ஐ நறுக்கிவிட்டு, நிலப்பகுதி மாஸ்க்கை (நிலத்துப் புள்ளிகளை மறைக்கும் வடிப்பானை) மறுபடி போடுங்கள். இல்லையென்றால் சகாராவுக்கும் கடல் வெப்பநிலை வந்துவிடும்.

பலரும் சறுக்குவது தீர்க்கரேகை மதிப்புகளில். அவற்றை ராப் செய்யக் கூடாது. இடப்பக்கம் சேர்த்தவற்றில் 360 கழிக்க வேண்டும், வலப்பக்கம் சேர்த்தவற்றில் 360 கூட்ட வேண்டும்: −19.5 தொடங்கி 379.5 வரை ஏறுவரிசையாகப் போக வேண்டும். எக்ஸ்அரே (xarray) நூலகத்தின் பேட், தீர்க்கரேகை போன்ற ஆயத்தொலைவுகளையும் சேர்த்தே ராப் செய்துவிடும், அதனால் அங்கே கையால் திருத்தியே ஆக வேண்டும்.

லாப்லாஸ் சமன்பாட்டை ரிலாக்சேஷன் முறையில் தீர்த்து, அதாவது ஒவ்வொரு ஓட்டையையும் அண்டைப் புள்ளிகளின் சராசரியால் திரும்பத் திரும்பத் திருத்தி நிரப்புபவர்களுக்கு, வரிசையைச் சுழற்றும் நம்பை ரோல் (roll) போதும், நீட்டவே வேண்டாம். ஆனால் அதையே அட்சரேகை அச்சிலும் போட்டால் வட துருவம் தென் துருவத்தோடு ஒட்டிக்கொள்ளும். அன்டார்க்டிகா ஓரத்தில் ஆர்க்டிக் எண்கள் தென்பட்டால் காரணம் இதுதான். சைபையின் மேப் கோஆர்டினேட்ஸ் (map_coordinates) ஃபங்ஷனைப் பயன்படுத்துவோர் ராப் அல்ல, கிரிட்-ராப் (grid-wrap) முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் ராப் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வதால் சுற்றளவில் ஒரு நெடுவரிசை குறைந்துவிடும்.

துருவத்தருகே ஓட்டை இருந்தால் நீட்டுவதெல்லாம் அரைகுறை வைத்தியம். 80° அட்சரேகையில் 1° தீர்க்கரேகை சுமார் 19 கி.மீ. தான், வடக்கு தெற்காகவோ 111 கி.மீ. டிகிரியையே தூரமாக எடுத்தால் எடைகள் கோணலாகும். அங்கே ஒவ்வொரு புள்ளியையும் அலகுக் கோளத்தில் எக்ஸ், ஒய், இசட் ஆக மாற்றி, அருகிலுள்ள புள்ளிகளை விரைவாகத் தேடித் தரும் கேடி-ட்ரீயில் (k-d tree) போட்டு, அருகிலுள்ள 4 அல்லது 8 புள்ளிகளைத் தூரத்தின் தலைகீழ் எடையோடு சராசரி எடுங்கள். வெட்டும் போய்விடும், துருவமும் சாதாரணப் புள்ளியாகிவிடும். காற்றுத் திசை போன்ற கோணத் தரவைக் கிழக்கு, வடக்குக் கூறுகளாகப் பிரித்த பிறகே நிரப்புங்கள். 350°, 10° இரண்டின் நேர் சராசரி 180°, அதாவது நேர் எதிர்த் திசை.

சரியாக வந்ததா என்று பார்க்க: மூலத் தரவை 180 நெடுவரிசை சுழற்றி, நிரப்பி, திரும்பச் சுழற்றி, முதல் விடையோடு கழித்துப் பாருங்கள். கேடி-ட்ரீயிலும் கிரிட்டேட்டாவிலும் ஆங்காங்கே சிதறிய சிறு வித்தியாசம் வரலாம். சம தூரப் புள்ளிகளில் எதை எடுப்பது, சதுரக் கட்டத்தை எந்த மூலைவிட்டத்தில் பிளப்பது என்பது தற்செயல். வித்தியாசம் 0° அல்லது 180° ஓரமாக வரிசைகட்டி நின்றால் நீட்டிய அகலம் போதவில்லை.