வைத்தியச் செலவை யார் கட்டுவது? சில கேள்விகள், சில பதில்கள்

நாடுகளின் மருத்துவத் திட்டங்கள், காப்பீடு பற்றி வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். எந்த பாலிசி எடுக்கலாம் என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அது வேறு கதை.

கேள்வி: சார், பிரிட்டனில் வைத்தியம் இலவசம் என்கிறார்களே, நிஜமா?

மருத்துவமனையில் யாரும் பில் நீட்ட மாட்டார்கள். அந்த அளவுக்கு நிஜம். 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய சுகாதார சேவை பெரும்பாலும் வரிப்பணத்தில் நடக்கிறது. பணம் முன்னாடியே போய்விடுகிறது, அவ்வளவுதான். தொடங்கி மூன்று வருஷத்துக்குள்ளேயே பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்று அரசு அறிவித்தது. திட்டத்தைக் கொண்டுவந்த அனைரின் பெவன் அதை எதிர்த்து 1951-இல் அமைச்சர் பதவியை விட்டே விலகினார். இன்றைக்கும் இங்கிலாந்தில் வேலை செய்யும் வயதில் இருக்கும் பலர் ஒவ்வொரு மருந்துக்கும் கட்டணம் கட்டுகிறார்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அந்தக் கட்டணம் கிடையாது.

இன்னொரு விலையும் உண்டு, அது காத்திருப்பு. இடுப்பு மூட்டு மாற்றுவது போன்ற அவசரமில்லாத சிகிச்சையை 18 வாரத்துக்குள் தொடங்கவேண்டும் என்பது இலக்கு. பல வருஷமாக அதை எட்ட முடியவில்லை. பட்ஜெட்டை இறுக்கிப் பிடித்தால் அதன் விளைவு காத்திருப்பவர்களின் வரிசையில் தெரியும்.

கேள்வி: அமெரிக்கா இவ்வளவு செலவு செய்தும் எல்லாருக்கும் காப்பீடு இல்லையே, ஏன்? அங்கே ஆட்கள் அதிகமாக டாக்டரிடம் போகிறார்களா?

இல்லை. எல்லாரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஒரு சராசரி அமெரிக்கர் டாக்டரைப் பார்க்கும் தடவைகளும் மருத்துவமனையில் படுக்கும் நாட்களும் ஜெர்மானியரையோ ஜப்பானியரையோ விடக் குறைவு. ஆனாலும் நாட்டின் மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போகிறது. மற்ற பணக்கார நாடுகளில் இது பெரும்பாலும் 9 முதல் 12-க்குள் நிற்கும். பிரின்ஸ்டன் பொருளாதார அறிஞர் ஊவே ரைன்ஹார்ட்டும் சகாக்களும் 2003-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை காரணத்தைப் பட்டென்று சொன்னது: விலைதான். அதே ஸ்கேன், அதே மாத்திரை, அதே அறுவை சிகிச்சை. விலை மட்டும் அதிகம்.

ஜப்பானோடு ஒப்பிட்டால் புரியும். அங்கே 1961-லிருந்து எல்லாருக்கும் காப்பீடு உண்டு. காப்பீட்டு அமைப்புகள் நிறைய, மருத்துவமனைகளில் பெரும்பாலானவை தனியார். ஆனால் கட்டணப் பட்டியல் ஒன்றுதான், நாடு முழுக்கச் செல்லும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசு அதைத் திருத்தும். 2002-இல் எம்ஆர்ஐ ஸ்கேனுக்கான கட்டணத்தை ஒரே வெட்டாகக் குறைத்தார்கள். மருத்துவமனைகள் விலை குறைந்த மெஷின் கேட்டன, தயாரிப்பாளர்களும் செய்து கொடுத்தார்கள். மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால் உலகிலேயே எம்ஆர்ஐ மெஷின்கள் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஜப்பானும் ஒன்று. செலவைக் குறைத்தால் வசதி போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இந்த விஷயத்தை மட்டும் பேசவே மாட்டார்கள்.

அமெரிக்காவில் தனியார் காப்பீட்டுக்கு இப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் ஒவ்வொரு மருத்துவமனையோடும் தனித்தனியாகப் பேரம் பேசுகிறது. அந்த ஊரில் இருப்பது ஒரே பெரிய மருத்துவமனை என்றால் பேரத்தில் யார் கை ஓங்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: அண்ணா, அமெரிக்காவில் காப்பீடு இருப்பவர்களே கடனாளி ஆகிறார்களாமே, எப்படி?

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன் தம்பி. எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. மருத்துவமனையின் பட்டியல் விலை 20,000 டாலர். காப்பீட்டு நிறுவனம் பேசி முடித்த விலை 12,000. பாலிசியில் டிடக்டிபிள் 2,000. அதாவது முதல் 2,000 உங்கள் கையிலிருந்து. மீதி 10,000-இல் 20 சதவீதம் உங்கள் பங்கு, அது இன்னொரு 2,000. ஆக பிரீமியத்தை மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 4,000 டாலர் எடுத்து வைக்கவேண்டும். வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு, ஆனால் ஜனவரி பிறந்தால் மீட்டர் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடும். டிசம்பரில் அட்மிட் ஆகி ஜனவரியில் வீடு திரும்புகிறவரை நினைத்துப் பாருங்கள்.

முன்பு இதைவிட மோசம். மருத்துவமனை நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனம் விலை பேசி வைத்திருக்கும் பட்டியலில் இருக்கும், மயக்க மருந்து கொடுத்தவர் இருக்கமாட்டார், அவர் தனியாக ஒரு பில் அனுப்புவார். 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம் இதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. தரைவழி ஆம்புலன்ஸ் மட்டும் அதில் விட்டுப்போயிற்று.

கேள்வி: காப்பீடு எடு என்று அரசு ஏன் கட்டாயப்படுத்தவேண்டும்? ஆரோக்கியமாக இருப்பவன் ஏன் கட்டவேண்டும்?

விருப்பப்பட்டவர் மட்டும் சேரலாம் என்றால் நோயாளிகள்தான் முதலில் வருவார்கள். கிளெய்ம் ஏறும், பிரீமியம் ஏறும். ஓரளவு ஆரோக்கியமானவர்கள் கழன்றுகொள்வார்கள். மறுபடி பிரீமியம் ஏறும். அதனால்தான் 1883-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீடே தொழிலாளர்களுக்குக் கட்டாயமாக இருந்தது. ஸ்விட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் விற்பது தனியார் நிறுவனங்கள்தான். ஆனால் எல்லாரும் எடுத்தாகவேண்டும், அடிப்படைக் காப்பீட்டைக் கேட்டு வருகிற யாரையும் நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது. வயதானவர்களும் நோயாளிகளும் அதிகமாகச் சேர்ந்த நிறுவனத்துக்கு ஒரு பொது நிதி ஈடு கட்டும். ஆரோக்கியமான ஆட்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்து லாபம் பார்க்கும் வேலைக்கு அந்த நிதிதான் கடிவாளம்.

அமெரிக்காவில் ஒபாமா காலத்தில் வந்த 2010 காப்பீட்டுச் சட்டத்திலும் கட்டாயம் இருந்தது. எடுக்காதவர்களுக்கான மத்திய அரசின் அபராதத்தை 2019-லிருந்து பூஜ்ஜியம் ஆக்கிவிட்டார்கள். எல்லாம் சரிந்துவிடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள், சரியவில்லை. பிரீமியத்துக்கு அரசு மானியம் இருந்ததால் ஆட்கள் தங்கினார்கள். ஆக குச்சிதான் வேண்டும் என்பதில்லை, கரும்பும் வேலை செய்கிறது. ஆனால் கரும்பு வாங்கப் பணம் வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கட்டணம் வாங்கினால் தேவையில்லாமல் டாக்டரிடம் போவது குறையாதா?

குறையும். தேவையானதும் சேர்ந்து குறையும். 1970-களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் குடும்பங்களைப் பிரித்து, சிலருக்கு முழு இலவசமும் மற்றவர்களுக்கு வெவ்வேறு பங்குக் கட்டணமும் வைத்துப் பல வருஷம் பார்த்தது. கட்டணம் இருந்தவர்கள் குறைவாகப் போனார்கள். ஆனால் எது தேவை, எது தேவையில்லை என்று அவர்கள் பிரித்துப் பார்த்துத் தவிர்க்கவில்லை, இரண்டையும்தான் தவிர்த்தார்கள். சராசரி ஆளின் உடல்நிலையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் ஏழைகளில் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, இலவசமாகப் பார்த்தவர்களைவிட அழுத்தம் கட்டுக்குள் வருவது குறைந்தது. கோ-பே, அதாவது நோயாளி ஒவ்வொரு முறையும் கட்டும் பங்கு, வைக்கிற நாடுகள் பலவும் இதற்குத்தான் விலக்கு தேடுகின்றன. நெதர்லாந்தில் டிடக்டிபிள் உண்டு, குடும்ப டாக்டரைப் பார்க்க அது பொருந்தாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான்.

கேள்வி: இதெல்லாம் பணக்கார நாடுகளுக்குத்தானே?

தாய்லாந்தைப் பாருங்கள். 2002-இல், அரசு ஊழியர் திட்டத்திலும் தொழிலாளர் திட்டத்திலும் இல்லாத எல்லாரையும் வரிப்பணத்தில் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு தடவை போனால் 30 பாட் (அந்த நாட்டு நாணயம்), அவ்வளவுதான். புறநோயாளி சிகிச்சைக்கு மருத்துவமனைகளுக்கு ஊசி, மாத்திரை எண்ணிப் பணம் தருவதில்லை, பதிவு செய்த தலைக்கு இவ்வளவு என்று தருகிறார்கள். முதலில் இந்தத் திட்டத்தில் டயாலிசிஸ், அதாவது சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சை, சேர்க்கப்படவில்லை, அதற்காக நிலத்தை விற்ற குடும்பங்கள் உண்டு. 2008-இல் சேர்த்தபோது, பெரும்பாலானவர்களுக்கு முதலில் வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் செலுத்திச் செய்யும் முறைதான் என்று வைத்தார்கள். மெஷின் இல்லாத கிராமத்திலும் அது நடக்கும். நோயாளிக்குப் பிடித்ததைத் தேர்வு செய்யும் உரிமை 2022-இல்தான் வந்தது.

கேள்வி: கனடாவில் எல்லாம் உண்டு, பல்லுக்கு மட்டும் ஏன் இல்லை?

அங்கே காப்பீடு துண்டு துண்டாக வளர்ந்தது. சாஸ்கச்சுவான் மாகாணம் 1947-இல் மருத்துவமனைச் செலவை ஏற்றது. 1962-இல் டாக்டர் கட்டணத்தையும் ஏற்றபோது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு நாடு முழுக்கப் பரவியதும் இந்த இரண்டும்தான். 1984 சட்டமும் அதையே உறுதி செய்தது. வெளியே வாங்கும் மருந்தும் பல்லும் அதற்குள் வரவில்லை. பல்லுக்கு 2024-லிருந்து தனித் திட்டம் வந்திருக்கிறது, குடும்ப வருமானம் 90,000 கனடிய டாலருக்குக் கீழே இருந்து, வேறு பல் காப்பீடு இல்லாதவர்களுக்கு.