பூனை ஏன் முக்கோணம் வரையவில்லை?

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஸ்கிராட்ச் சொல்லித் தருகிறார்கள். கட்டளைகளை அடுக்கி, திரையில் ஒரு பூனையை நகர்த்திக் கோடு போட வைக்கும் கம்ப்யூட்டர் மொழியாம். முக்கோணம் வரைய ‘100 நகர், 60 டிகிரி திரும்பு’ என்று 3 தடவை ஓடவிட்டாள். கோடு மூடவில்லை. கட்டளைகளை ஓடவிடும் பச்சைக் கொடியை மறுபடி அழுத்தினால் அறுகோணம் வருகிறது. கம்ப்யூட்டர் தெரியாத நான் எப்படி உதவுவது?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: யோசித்துச் செய்த தப்புங்க இது. சமபக்க முக்கோணத்தின் மூலை 60 டிகிரி என்று கணக்கில் படித்ததைப் போட்டிருக்கிறாள். அது உள்கோணம். நேராக வந்த பூனை அடுத்த பக்கத்துக்குத் திரும்ப வேண்டியது வெளிக்கோணம்: 180-ல் 60 போக 120. அறுகோணத்துக்குத்தான் 60. அதனால் 3 தடவையில் பாதி அறுகோணம் முடிந்து, பூனை எதிர்த் திசையைப் பார்த்து நிற்கிறது. அடுத்த அழுத்தலில் மீதிப் பாதி.

120 என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வாசலில் சாக்பீஸால் பெரிய முக்கோணம் போட்டு அதன்மேல் நடக்க விடுங்கள். மூலைக்கு வந்ததும், “திரும்பாம போனா எங்க போவே கண்ணு?” என்று கேட்டு, அந்தக் கோட்டை நேராக நீட்டுங்கள். நீட்டிய கோட்டிலிருந்து அடுத்த பக்கம் வரை பாகைமானி வைத்து அவளே அளக்கட்டும். மூன்று மூலையிலும் திரும்பி, புறப்பட்ட திசையிலேயே வந்து நின்றால் மொத்தம் 360. ஐங்கோணத்துக்கு எவ்வளவு என்று அப்புறம் கேளுங்கள். 72 அவள் வாயிலிருந்தே வரும்.

கட்டளை அடுக்கில் கொடிக்குக் கீழே ‘பேனா மேலே’, ‘எக்ஸ் 0, ஒய் 0’ (திரையின் நடு), ‘திசை 90’ (வலப்பக்கம் பார்), ‘எல்லாம் அழி’, பிறகு ‘பேனா கீழே’ என்ற வரிசை இருக்கட்டும். இல்லாவிட்டால் பழைய கோட்டின் மேலேயே புதுக் கோடு விழும். தப்பு எங்கே என்று பிள்ளைக்குப் பிடிபடாது.

கேள்வி: 32 பிள்ளைகள், 4 கம்ப்யூட்டர். என்ன செய்வது?
- ஆசிரியர், பவானி

பதில்: ஒரு கம்ப்யூட்டருக்கு மூவர். மற்ற 20 பேருக்கு உங்கள் ஊர் ஜமக்காளமே பாடம். கட்டம் போட்ட நோட்டில் கரைக்குக் கறுப்பு 2 வரி. சிவப்பு 4, மஞ்சள் 1, பச்சை 4, மஞ்சள் 1 என்று 5 தடவை. முடிவில் கறுப்பு 2. இப்படி ஆளுக்கொரு பட்டை வரைந்து, அதைக் குறைந்த சொற்களில் சீட்டில் எழுதி அடுத்த குழுவிடம் தர வேண்டும். வாய் திறக்கக் கூடாது. சீட்டைப் பார்த்து வரைந்தால் பெரும்பாலும் கரைதான் கெடும். ‘5 தடவை’ என்பது எதிலிருந்து எதுவரை என்று எழுதியிருக்க மாட்டார்கள். கறுப்பும் 5 தடவை வந்து நிற்கும். சீட்டு எழுதியவரே திருத்தட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். கொடியை அழுத்துமுன் என்ன வரும் என்று நோட்டில் எழுதிய பிறகே மவுஸைத் தொடட்டும்.