ஆங்கிலக் கூட்டுச்சொற்களுக்கு மூன்றே வகைதானா?

புதுச்சேரியில் எட்டாவது படிக்கும் மகளுக்கு காம்பவுண்ட் வேர்ட்ஸ் சொல்லித்தர வேண்டும், நோட்ஸில் சேர்த்து எழுதுவது, பிரித்து எழுதுவது, ஹைஃபன் போடுவது என்று மூன்றே வகை இருக்கிறது, போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அது எழுதும் முறை மட்டுமே. ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2007-இல் வந்த 6-ஆம் பதிப்பில் சுமார் 16,000 ஹைஃபன்களை நீக்கியது. அதனால் எந்தச் சொல்லுக்கும் பொருள் மாறவில்லை.

முதலில் கடைசிச் சொல்லைப் பார்க்கப் பழக்குங்கள். என்ன பொருள் என்று சொல்லும் தலைமைச் சொல் ஆங்கிலத்தில் பெரும்பாலும் அதுதான். சுண்ணாம்பாற்றில் இருப்பது போட்ஹவுஸ். படகு விடும் இடம். திருப்பிப் போட்டால் ஹவுஸ்போட்; அது படகு. மீன்குழம்பு, குழம்புமீன் மாதிரிதான். பள்ளியில் பிரெஞ்சும் படிக்கிறாள் என்றால் இங்கே குழம்புவாள். காலிஃபிளவருக்கு பிரெஞ்சில் ஷூ-ஃப்ளெர். ஷூ என்றால் முட்டைக்கோஸ். தலைமைச் சொல் முன்னால் நிற்கிறது.

அடுத்து, இரண்டு சொற்களுக்கும் நடுவே மறைந்திருப்பது என்ன என்று கேளுங்கள். மளிகைக் கடை அலமாரியையே காட்டலாம். கோகனட் ஆயில் தேங்காயிலிருந்து எடுத்தது, ஹேர் ஆயில் முடிக்குத் தடவுவது, பேபி ஆயில் குழந்தைக்கு. உறவைச் சொல்லும் சொல் மூன்றிலும் இல்லை. நம் இலக்கணத்தில் இதுதான் உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

பிளாக்போர்ட் பண்புத்தொகை. பச்சை வண்ணம் அடித்தாலும் அது பிளாக்போர்ட்தான். எத்தனை நூற்றாண்டு ஆனாலும் இந்த ஊர் புதுச்சேரிதான். ‘வெரி பிளாக்போர்ட்’ என்று சொல்ல முடியாது. அழுத்தமும் ‘பிளாக்’ மேல் விழும். கறுப்பாக இருக்கும் ஒரு பலகை என்றால் அழுத்தம் ‘போர்ட்’டுக்குப் போகும்.

பிக்பாக்கெட் என்பது பாக்கெட் வகை அல்ல, அதை அடிக்கிற ஆள். சொல்லுக்கு வெளியே இருப்பவனைக் குறிப்பதால் அன்மொழித்தொகை. தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்தில் திணிக்கிறேன் என்று யாராவது வரலாம். ஆங்கில மொழியியல் நூல்களே இதற்கு பகுவ்ரீஹி என்ற சமஸ்கிருதப் பெயரை வைத்துக்கொண்டிருக்கின்றன. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் ஏறாது என்று பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. தொகை படித்த பிள்ளைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். அதைத் தொட்டுக்காட்டாமல், அன்மொழித்தொகைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ‘எக்ஸோசென்ட்ரிக்’ என்ற பெயரை உருப்போட வைப்பது அநியாயம்.

உம்மைத்தொகை ஆங்கிலத்தில் குறைவு. பிட்டர்ஸ்வீட் ஒன்று போதும், கசப்பும் இனிப்பும்.

மார்க் போவது பன்மையில். எத்தனை பல் துலக்கினாலும் டூத்பிரஷ்தான், ‘டீத்பிரஷ்’ கிடையாது. ‘ஃபைவ் இயர்ஸ் ஓல்டு கேர்ள்’ தவறு. பெயருக்கு முன்னால் வந்தால் ‘ஃபைவ் இயர் ஓல்டு’, இரண்டு ஹைஃபனோடு. மாமியார்கள் மதர்ஸ்-இன்-லா, அங்கே தலைமைச் சொல் முன்னால் இருப்பதால் எஸ் அதோடுதான் ஒட்டும்.