கொழும்பில் இருந்து போன் வந்தால் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

களுவாஞ்சிகுடியில் இருந்து தினமும் மட்டக்களப்புக்கு பஸ் ஏறி ஓர் அரச கந்தோரில் வேலை செய்கிறேன். வயது 39. இரண்டு பிள்ளைகள், வீட்டில் மாமியும் இருக்கிறா. ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் வாசித்து விளங்கிக்கொள்வேன். ஆனால் கொழும்பில் இருந்து போன் வந்தால் வாய் கட்டிவிடும், பக்கத்து மேசைத் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் சேர்ந்து இடையில் விட்டேன். இரவு ஒன்பதரைக்குப் புத்தகத்தை எடுத்தால் கண் சொருகுகிறது. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் எப்படி எடுப்பது? திரும்பவும் வகுப்பில் சேரலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

அந்த ஒரு மணித்தியாலத்தைத் தேடுவதை முதலில் விடுங்கள். விடிய எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பஸ்ஸில் நெரிபட்டு, கந்தோர் முடிந்து வந்து திரும்பவும் அடுப்படிக்குள் போகிறவருக்கு இரவு ஒன்பதரை நித்திரைக்குரிய நேரம், அதில் கை வைக்க வேண்டாம்.

கடிதம் விளங்குகிறது, போன்தான் பயம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. நமக்கெல்லாம் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம் தொடங்கியது, சாதாரண தரம் வரைக்கும் படித்தோம், ஆனால் எல்லாம் வாசிப்பும் இடைவெளி நிரப்பலும் கடிதம் எழுதுவதும்தான். வாய் திறந்து கதைத்ததற்கு யாரும் புள்ளி போடவில்லை. அதனால் உங்களுக்குக் குறைவது வாய்ப் பழக்கம், இன்னொரு இலக்கணப் புத்தகத்தால் அது வராது. வாய்க்குப் பழக்கம் கொடுக்க மேசையும் வேண்டாம், கதிரையும் வேண்டாம். கை வேலையாக இருக்கும்போதும் வாய் சும்மாதானே இருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தால் ஏறுமா என்று யோசிப்பீர்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே இருப்பில் 68 தடவை திரும்பச் சொல்லி எடுத்த பலனை, மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 தடவை சொல்லியே எடுக்க முடிந்தது என்று அதில் எழுதியிருக்கிறார். அசைகளுக்குக் கிடைத்த கணக்குத்தான், ஆனாலும் பிரித்துப் படிப்பது நல்லது என்பதைப் பிறகு வந்த ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் உட்காருவதைவிட தினமும் பத்து நிமிடம் எவ்வளவோ மேல்.

இனி அந்தப் போனுக்கு வருவோம். கொழும்பில் இருந்து என்ன கேட்பார்கள்? அநேகமாக ஒரே மாதிரித்தான்: அந்த அறிக்கை அனுப்பினீர்களா, உத்தியோகத்தர் இருக்கிறாரா, எப்போது கிடைக்கும். அப்படியானால் உங்களுக்கு இப்போதைக்கு முழு ஆங்கிலமும் தேவையில்லை, நாலு வசனம் போதும். 'கான் யூ ஹோல்ட் ஃபோர் அ மினிட், ப்ளீஸ்?' 'ஐ வில் செக் தி ஃபைல் அண்ட் கோல் யூ பேக்.' 'ஹீ இஸ் அட் அ மீட்டிங், ஹீ வில் பி பேக் பை த்ரீ.' 'சொறி, குட் யூ சே தட் அகெய்ன், ஸ்லோலி?' இந்தக் கடைசி வசனம்தான் எல்லாவற்றிலும் முக்கியம், அது கையில் இருந்தால் பயத்தில் பாதி போய்விடும். நாலையும் ஒரு துண்டில் எழுதி போனுக்குக் கீழே வையுங்கள், இன்னொரு துண்டைக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். தேங்காய் துருவும்போது, இடியப்பம் பிழியும்போது சத்தமாகச் சொல்லுங்கள், மனதுக்குள் சொன்னால் கணக்கில்லை. மாமி என்ன இது என்று கேட்டால் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் சிரித்தாலும் பரவாயில்லை, இரண்டு நாளில் அவர்களும் சேர்ந்து சொல்வார்கள். வசனம் யோசிக்காமல் வாயில் வந்த பிறகு அதில் ஒரு சொல்லை மாற்றுங்கள்: ஃபைலுக்குப் பதில் லெட்டர், மூன்று மணிக்குப் பதில் நாளைக்கு. 'டிட் யூ வென்ட்' என்று சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதற்கு விதியைப் பாடமாக்குவதைவிட 'டிட் யூ கோ, டிட் யூ சீ, டிட் யூ கிவ்' என்று வாயை அந்தத் தடத்தில் ஓடவிடுவது சுலபம்.

அப்புறம் பஸ். செட்டிபாளையம், குருக்கள்மடம் தாண்டி கல்லடிப் பாலம் வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. பிபிசி லேர்னிங் இங்கிலிஷில் '6 மினிட் இங்கிலிஷ்' என்று ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, இலவசம், இரண்டு பேர் ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி ஆறு நிமிடம் கதைப்பார்கள், கதைத்ததை எழுத்திலும் தந்திருப்பார்கள். வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டு காலையில் இயர்போனில் கேளுங்கள், பின்னேரம் திரும்பி வரும்போது எழுத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தரம். ஒரு கிழமைக்கு ஒன்றே போதும், புதிதுபுதிதாகத் தேடினால் ஒன்றும் தங்காது. பஸ்ஸில் பாட்டுச் சத்தம் கூடின நாளில், நின்றுகொண்டு போகிற நாளில் விட்டுவிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான், சுவரில் இருக்கும் ஒரு வசனத்தை மட்டும் சொல்லிவிட்டுப் படுங்கள்.

அந்தத் தம்பியிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: இனி போனை நான்தான் எடுப்பேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். முதல் சில தடவை தடுமாறும். தடுமாறட்டும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இந்த நாட்டின் இணைப்பு மொழி என்கிறது. அந்தப் பக்கம் கதைப்பவருக்கும் அநேகமாக அது வீட்டு மொழி இல்லை, அவரும் யோசித்துத்தான் கதைக்கிறார். இதை நினைவில் வைத்தால் வாய் கட்டாது.

வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். இரண்டு மூன்று மாதம் இப்படிப் போய், நாலு வசனம் நாற்பது ஆன பிறகும் சேர விருப்பம் இருந்தால் சேருங்கள். காசு கட்ட முதல் ஒரு நாள் பின்வாங்கில் இருந்து பாருங்கள்: எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு வாய் திறக்க எத்தனை நிமிடம் கிடைக்கிறது? ஆசிரியரே முழு நேரமும் கதைக்கிற வகுப்பு என்றால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், உங்களுக்கு அது சரிவராது.

அன்புடன்,
அக்கா