முட்டியில் முட்டை, கையில் கப்பல் டிக்கெட்

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“ஐயா, எங்கள் வீட்டில் மூன்று சோடி லவ் பேர்ட்ஸ் நிற்கின்றன. சித்திரைப் பள்ளிக்கூட லீவுக்குக் குடும்பமாகக் காங்கேசன்துறையில் கப்பலேறி நாகபட்டினம் போய், சிதம்பரம், திருவண்ணாமலை எல்லாம் கும்பிட்டுவிட்டு 14 நாளில் திரும்புவதாக டிக்கெட் போட்டுவிட்டோம். போக இன்னும் 10 நாள் கிடக்கிறது. இந்த நேரம் பார்த்து ஒரு சோடி, கூட்டில் கட்டிவிட்ட மண்முட்டிக்குள் நாலு முட்டை இட்டிருக்கிறது. முதல் முட்டை இட்டு ஆறு நாள். இன்னொரு முட்டியில் மூன்று குஞ்சு, மூத்ததுக்கு மூன்று கிழமை. மூன்றாவது முட்டி வெறுமை. பக்கத்து வீட்டு மாமி காலமையில் ஒருதரம் வந்து தீன் போடுவார். ‘ஒவ்வொரு லீவுக்கும் இதே கரைச்சல், எல்லாத்தையும் வித்துத் தள்ளு’ என்கிறார் வீட்டுக்காரர். பறவை விற்கிற ஒருவர், மூன்று சோடியையும் தான் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஊசியால் தீத்தும் கொக்கட்டியல் (கொண்டைக் கிளி) குஞ்சு ஒன்று மலிவாகத் தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்?”

விற்க வேண்டாம் தங்கச்சி. உங்கள் பயணத்துக்கு இடைஞ்சலாக நிற்பது பறவை இல்லை, முட்டி. அதை எப்போது கட்டுவது, எப்போது கழற்றுவது என்று தெரிந்துவிட்டால் சிதம்பரம் என்ன, காசிக்கும் போய் வரலாம்.

நாங்கள் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் இந்தச் சின்னக் கிளி (சரியான பெயர் பட்ஜரிகர்) அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. அங்கே அதற்கு மாதக் கணக்குக் கிடையாது. மழை பெய்து புல் விதை பிடித்தால், மரப்பொந்து கிடைத்தால், உடனே முட்டை. உங்கள் கூட்டில் தினை எப்போதும் நிறைந்திருக்கிறது, பொந்துக்குப் பதிலாக முட்டியும் வருசம் முழுக்கத் தொங்குகிறது. அது இடாமல் என்ன செய்யும்? முட்டியைக் கழற்றினால் பெரும்பாலும் இடுவதும் நிற்கும். ஆகவே மூன்றாவது சோடியின் வெறும் முட்டியை இதை வாசித்து முடித்த கையோடு கழற்றி வையுங்கள்.

குஞ்சு உள்ள முட்டியைப் பற்றி யோசிக்க வேண்டாம். இந்தக் குஞ்சுகள் 30, 35 நாளில் முட்டியை விட்டு வெளியே வரும். நீங்கள் கப்பலேறும்போது மூத்ததுக்கு 31 நாள் ஆகியிருக்கும். வெளியே வந்த பிறகும் ஒரு கிழமை, பத்து நாள் தகப்பன் தீத்தும். மாமி செய்ய வேண்டியது தீனைக் குறையாமல் போடுவதும், கூட்டின் அடியில் ஒரு தட்டையான தட்டில் கொஞ்சம் தினை தூவுவதும்தான். வெளியே வந்த புதுசில் குஞ்சு மேலே ஏறிப் பாத்திரத்தைத் தேடாது, மூலையில் குந்திக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது அந்த முட்டியில் புது முட்டை கிடந்தால் அதிசயப்படாதீர்கள், அவள் அப்படித்தான்.

கரைச்சல் நாலு முட்டைக்காரியிடம்தான். அடைகாப்பு ஏறக்குறைய 18 நாள். முதல் முட்டை நீங்கள் போய் இரண்டாம் நாள் பொரிக்கும், மற்றவை ஒருநாள் விட்டு ஒருநாள். குஞ்சுக்கு மிக ஆபத்தான முதல் கிழமை முழுவதும் நீங்கள் இல்லை. காலையில் ஒருதரம் மட்டும் வரும் மாமியை நம்பி, சித்திரை வெயிலில், இதை நான் விடமாட்டேன்.

இன்றிரவு போன் வெளிச்சத்தை முட்டைக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். ஆறு நாள் அடைகாத்த முட்டையில் கரு இருந்தால் சிவப்பு நரம்பு சிலந்திவலை மாதிரித் தெரியும். பிந்தி இட்டவற்றில் இப்போதைக்கு ஒன்றும் தெரியாது. நாலைந்து நாள் கழித்தும் எதிலும் நரம்பு தெரியாவிட்டால் வெறும் முட்டை, கவலையே இல்லை. நரம்பு தெரிந்தால், உங்களுக்குத் தெரிந்த யாருடைய வீட்டிலாவது அதே கிழமையில் இட்ட சோடி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் முட்டையில் பேனாவால் அடையாளம் போட்டு, பஞ்சில் பொதிந்து கொண்டுபோய் அங்கே வைக்கலாம். இந்தப் பறவை அடுத்தவளின் முட்டையையும் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் முட்டைகளை எடுத்து ஐந்து நிமிடம் அவித்து, நன்றாக ஆறவைத்து, திரும்ப முட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். எறிந்துவிடக் கூடாது. எறிந்தால் அவள் மறுபடி இடத் தொடங்குவாள், உடம்பில் உள்ள சுண்ணாம்பெல்லாம் போய்விடும். அவித்த முட்டையில் மூன்று கிழமை குந்தியிருந்துவிட்டுத் தானாக எழும்பிவிடுவாள்.

பாவம் இல்லையா என்று கேட்பீர்கள். எங்களுடையதும் சைவச் சாப்பாட்டு வீடுதான். பொரித்த குஞ்சு தீனில்லாமல் சாவதை ஒருதரம் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இதுதான் குறைந்த பாவம்.

இனி நான் கத்திச் சொல்ல வேண்டிய விசயம். கோது!

இந்தப் பறவை தானியத்தை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டுக் கோதை அதே பாத்திரத்தில் போடும். பாத்திரம் நிறைந்த மாதிரியே இருக்கும், உள்ளே ஒரு மணி தானியம் இராது. பல வருசத்துக்கு முன் ஒரு செத்தவீட்டுக்குத் திருகோணமலை போய் ஐந்தாம் நாள் திரும்பினேன். கூட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போன சொந்தக்காரர், “தீன் நிறையக் கிடந்தது, அதுதான் போடேல்லை” என்றார். பாத்திரம் உண்மையில் நிறைந்துதான் இருந்தது. ஊதிப் பார்த்தேன், முழுக்கப் பறந்துவிட்டது. ஆறு பறவையும் கூட்டின் அடியில். இவ்வளவு சின்ன உடம்பு ஒன்றரை, இரண்டு நாள் பட்டினியைத் தாங்காது. கால்நடைத் துறையில் சம்பளம் வாங்கிய எனக்கே இது நடந்தது. தானாகக் கொட்டும் பாத்திரம் வாங்கினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். அதன் வாயிலும் கோதுதான் அடைக்கும்.

ஆகவே மாமியிடம் “தீன் போடுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். “பழசைக் கொட்டிவிட்டுப் புதிசைப் போடுங்கோ” என்று சொல்லுங்கள். ஒரு பறவைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி, குஞ்சுக்காரிக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டித் திகதி எழுதி வையுங்கள். 14 இல்லை, 18 பொட்டலம். கப்பல் காற்றைப் பார்த்துத்தான் வெளிக்கிடும், உங்கள் டிக்கெட்டைப் பார்த்து இல்லை. தண்ணீர் இரண்டு பாத்திரத்தில், நாளும் மாற்ற வேண்டும். அவித்த முட்டை, ஊறவைத்த பயறு எல்லாம் இந்த வெயிலில் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பழுதாகும். மாமி கையால் அது வேண்டாம்.

இப்போது அந்த வியாபாரி. எனக்கு இவர்களை நன்றாகத் தெரியும். லீவு வருகிறது என்றால் ஊரைச் சுற்றத் தொடங்குவார்கள். பயணம் போகிறவனிடம் அரை விலைக்கு வாங்கி, லீவு முடிந்ததும் அதே பறவையை “செட் ஆன சோடி, முட்டை இடுறது” என்று இரட்டை விலைக்குத் தள்ளுவார்கள். அந்தச் சோடியில் இரண்டுமே பெட்டையாக இருந்தாலும் முட்டை இடும், ஒன்றும் பொரிக்காது. நாலு மாதம் கழித்துத்தான் உங்களுக்கு விளங்கும். இன்னொரு வகை, “என்னட்டை விட்டிட்டுப் போங்கோ, குஞ்சில பாதி” என்று பங்குக்கு எடுக்கிறவர்கள். பத்து வீட்டுப் பறவையோடு கலந்து, வேறு சோடியாக, இருமலோடு திரும்பி வரும். காலில் வளையம் இருந்தால் இலக்கத்தை எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், யாரிடம் விட்டாலும்.

அவர் தருகிறேன் என்னும் கொக்கட்டியல் குஞ்சு. மேலே சொன்ன முட்டி, பொட்டலம், மாமி எதுவும் இதற்குப் பொருந்தாது. தீத்தும் குஞ்சு வீட்டில் இருந்தால் பயணமே இல்லை. திரும்பவும் சொல்கிறேன், ஒரு இரவு கூட இல்லை. மூன்று கிழமைக் குஞ்சுக்கு விடியக்காலை தொடங்கி இரவு வரை நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருதரம் தீத்த வேண்டும். கூழ் 40 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். ஆறினால் இரைப்பையில் புளித்து நின்றுவிடும், கொதித்தால் இரைப்பை வெந்து ஓட்டை விழும். ஊசி ஒரு பக்கம் பிசகினால் கூழ் மூச்சுக்குழாய்க்குள். தானாகத் தின்ன எட்டுக் கிழமை, சிலது பத்தும் எடுக்கும். இதை மாமி செய்வாரா? பத்து வயதுப் பிள்ளை செய்யுமா? கையால் தீத்தினால்தான் பழகும் என்பது வியாபாரியின் கதை. தாய் தகப்பன் வளர்த்து, தானாகத் தின்னத் தொடங்கிய குஞ்சும் பழகும், உங்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு என்ன அவசரம் என்றால், குஞ்சைச் சீக்கிரம் எடுத்தால் தாய் சீக்கிரம் அடுத்ததை இடும்.

இவர்களை யாரும் கேட்பதில்லையா? கேட்க ஆளில்லை. எங்கள் படிவங்களில் மாடு, ஆடு, கோழிக்குத்தான் கட்டம் இருந்தது. ஒரு சனிக்கிழமை, முட்டை வெளியே வராமல் அடைபட்டுக் கூட்டின் அடியில் முக்கிக்கொண்டிருக்கும் பெட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்கு ஓடியவனிடம், “திங்கள் வாங்கோ, அதுவும் கோழி டொக்டர்தான்” என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். திங்கள் போயா லீவு. ஆகவே மருந்தை நம்பாமல் முன்கூட்டியே, சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் ஓடு ஒன்றைக் கூட்டில் கட்டுங்கள். குருநகர், பாசையூர்ப் பக்கம் மீன் வாங்கும்போது கேட்டால் சும்மாவே தருவார்கள். கழுவி வெயிலில் காயவைத்தால் போதும்.

அடுத்த வருசத்துக்கு ஒரு கணக்கு. முட்டி கட்டி முதல் முட்டைக்கு ஏறக்குறைய 10 நாள், கடைசி முட்டை பொரிக்க இன்னும் 26, அந்தக் குஞ்சு வெளியே வர 35, தானாகத் தின்ன ஒரு கிழமை. கூட்டினால் 80 நாளுக்குக் கிட்ட. தைப்பொங்கலன்று முட்டியைக் கட்டினால் சித்திரை வருசத்துக்கு முன் எல்லாம் முடிந்து முட்டி கழன்றிருக்கும். ஆவணி லீவு முடிந்த கையோடு கட்டினால் கார்த்திகை மழை இறுகும் நேரம் முடியும். வருசத்துக்கு இரண்டு தரம் போதும், அதற்கு மேல் பெட்டையைப் பிழிவதுதான்.

கூட்டை இப்போது இடம் மாற்ற வேண்டாம், முட்டைக்காரி எழும்பிவிடுவாள். வெயில் விழும் பக்கம் ஒரு கிடுகைச் சாத்துங்கள். கூட்டின் நாலு காலையும் பால்மாப் பேணியில் தண்ணீர் விட்டு நிறுத்துங்கள், சிவப்பெறும்பு ஏறினால் குஞ்சு ஒரு இரவுக்குத் தாங்காது. திறப்பைக் கொடுக்கும்போது மாமியிடம் அந்தப் பேணித் தண்ணீர் வற்றாமல் பார்க்கச் சொல்லுங்கள். போக முதல் ஒருநாள் நீங்கள் பக்கத்தில் நிற்க, மாமியையே எல்லாம் செய்யவிட்டுப் பாருங்கள். கோதை ஊதுகிறாரா, கொட்டுகிறாரா என்று.